ஜென்டூவில் எல்.டி.ஓ. சேர்க்குமுன்

மூலநிரலிலிருந்தே கட்டப்படும் ஜென்டூ லினக்ஸில், வேகத்தை நாடி எல்.டி.ஓ. (இணைப்புநேரச் செம்மையாக்கம்) போன்ற விசேஷ வசதிகளைச் சேர்க்கும்போது, நேற்றுவரை செவ்வனே கட்டப்பட்டு வந்த நிரல் இன்று லிங்கர் கட்டத்தில் முறிந்து நிற்பது சகஜமாதலால், இவற்றைக் கடைப்பிடியுங்கள்.

1. முதலில் கம்பைலரான ஜி.சி.சி.யையும், லிங்கர் அடங்கிய பின்யூட்டில்ஸையும் ‘குயிக்பிகேஜி’ கட்டளையால் பொதியாக்கிப் பத்திரப்படுத்துங்கள். கம்பைலரே பழுதுபட்டால் அதைக் கட்டுவதற்கு வேறு கம்பைலர் இராது. எக்காரணத்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

2. மேக்.கான்ஃப் கோப்பில் ‘-எஃப்எல்டிஓ’ கொடியைக் கம்பைலர் வரியில் மட்டுமன்றி லிங்கர் வரியிலும் எழுதுங்கள். தனித்தனியே தொகுக்கப்பட்ட பாகங்கள் யாவும் ஒருங்கே ஆராயப்பட்டுச் செம்மையுறுவது இணைக்கும் தருணத்திலேதான்.

3. ஒரே நேரத்தில் நடக்கும் கட்டுமானப் பணி ஒன்றுக்கு 2 ஜிபி நினைவகம் என்ற கணக்கில், 16 ஜிபி கணினிக்கு ‘-ஜே8’ என நிர்ணயியுங்கள். நினைவகம் தீர்ந்தால் கெர்னல் கம்பைலரைப் பாதியில் நிறுத்திவிடும்.

4. முரண்டு பிடிக்கும் நிரலுக்கு மட்டும் பேக்கேஜ்.என்வ் கோப்பின் வழியாக ‘-எஃப்நோ-எல்டிஓ’ கொடுங்கள். அதன் பொருட்டு ஏனையவை நன்மையை இழக்க வேண்டியதில்லை.

5. ‘-எஃப்ஃபாஸ்ட்-மேத்’ கொடியைக் கணினி முழுமைக்கும் இடாதீர்கள். தசமக் கணக்குகள் பிசகக்கூடும்.