டைமிங் பெல்ட்: வடசென்னையின் சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

1948-இல் தோன்றி, பின்னாளில் அசோக் லேலண்டு ஆன அசோக் மோட்டார்ஸ் எண்ணூரிலும், 1955-இல் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரிலும் ஆலை அமைத்த காலந்தொட்டு, லாரியையும் புல்லட்டையும் பிரித்துக் கோத்தே தொழில் கற்ற மெக்கானிக்குகள் நிறைந்த இப்பிரதேசத்தில், ‘ஓடுற இன்ஜின்ல கை வைக்காதே’ என்பது சோம்பலால் பிறந்த வாக்கியமன்று. பழைய புல்லட்டின் கேம்களைச் சுழற்றுபவை இரும்புப் பற்சக்கரங்கள். கனரக டீசல் இன்ஜின்களிலும் பெரும்பாலும் அவையே. அவற்றைப் பொறுத்தவரை அது நியாயமான அனுபவ ஞானம். ரப்பர் பெல்ட் பூட்டிய காருக்கும் அதையே பொருத்தும்போதுதான் விபரீதம் விளைகிறது.

‘போன வருஷந்தானே பெல்ட் மாற்றினேன்’ என்பார்கள் அநேகர். விசாரித்தால், மாற்றியது வெளியே தெரியும் ஃபேன் பெல்ட்டாக இருக்கும். டைமிங் பெல்ட், மூடிக்குள் மறைந்திருந்து, கிராங்க் இரண்டு சுற்றுக்குக் கேம் ஒரு சுற்று என்ற கணக்குத் தவறாமல் வால்வுகளைத் திறந்து மூடச் செய்வது. மாருதி 800, பழைய சான்ட்ரோ, டஸ்டர் டீசல் ஆகியவற்றில் பெல்ட். ஸ்விஃப்ட் டீசலில் செயின். தம் காரில் இருப்பது எது என்று முதலில் அறிவது அவசியம்.

அறுவதற்கு முன் சத்தம் கொடுக்கும் என்பது செயினுக்குரிய லட்சணம். பெல்ட்டோ, உள்ளிருக்கும் கண்ணாடியிழை நாண்கள் நைந்த பின்னும் மேற்பரப்பில் ஒரு வெடிப்பும் காட்டாமல் ஓடிக்கொண்டிருந்து, ஒரு கணத்தில் அறக்கூடியது. அப்போது கேம் நின்றுவிட, வேகம் அடங்காத கிராங்க் பிஸ்டன்களை மேலே தள்ள, திறந்தபடி நிற்கும் வால்வுகளை அவை மோதி வளைத்துவிடக்கூடும். இடைவெளி மிகக் குறுகிய டீசல் இன்ஜின்களில் இது ஏறக்குறைய நிச்சயம். நின்ற வண்டியை நாலு பேர் கூடித் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயல்வது நம் தெருக்களில் சகஜமான உபகாரம். பெல்ட் அறுந்த காரிலோ, ஒவ்வொரு தள்ளலும் தப்பியிருந்த வால்வையும் வளைக்கக்கூடும்.

‘வண்டி அதிகம் ஓடவில்லையே’ என்ற சமாதானமும் பொருந்தாது. ராயபுரத்துக்குள்ளேயே சுற்றிவரும் காருக்குக் கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் வயது ஏறும், ரப்பர் இறுகும். ஆதலால்தான் கையேடுகள் கிலோமீட்டர், வருஷம் இரண்டையும் குறித்து, எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்கின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் டிரெய்லர்களின் வரிசைக்குப் பின்னால் ஒரு மணி நேரம் இன்ஜினை அணைக்காமல் நின்றால், நிமிஷத்துக்கு 800 சுற்று வீதம் கிராங்க் 48,000 முறை சுழன்றிருக்கும். மீட்டரில் ஒரு கிலோமீட்டரும் கூடியிராது.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எர்ணாவூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. அந்நீரில் நின்ற கார்களை வெளியே கழுவித் துடைத்தது போதாது. எண்ணெய் பட்ட பெல்ட் ஊறிப் பற்கள் பிய்ந்துபோகக்கூடும். மூடியைக் கழற்றிப் பார்க்காதவர்கள் இப்போதாவது பார்க்கவேண்டும்.

மாற்றும்போது டென்ஷனர், ஐட்லர், அந்தப் பெல்ட்டாலேயே ஓடுவதானால் வாட்டர் பம்ப் ஆகியவற்றையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம். இறுகிப்போன பேரிங் புதுப் பெல்ட்டையும் அறுத்துவிடும், கூலியையோ இரண்டாம் முறை கொடுக்க நேரும். வேலை முடிந்ததும், சாவியைத் திருப்புவதற்கு முன்பாக, மெக்கானிக் ஸ்பேனர் பூட்டிக் கையாலேயே கிராங்க்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, டைமிங் குறிகள் நேர்ப்படுகின்றனவா என்று பார்க்கிறாரா என அருகில் நின்று கவனியுங்கள்.