சேதன மரக்கறியா? சோதனை சொல்வதும் சொல்லாததும்

பீடைகொல்லி எச்சம் இல்லாத கத்தரிக்காய் எல்லாம் சேதனக் கத்தரிக்காய் ஆகிவிடாது. அதற்கு யூரியா இட்டிருக்கலாம். இதனை அறிய நைதரசன் சமதானிச் சோதனை உதவுகிறது.

வளியின் நைதரசனில் பாரம் கூடிய நைதரசன்-15 நூற்றுக்கு ஏறத்தாழ 0.37 பங்கு. யூரியா வளி நைதரசனிலிருந்தே செய்யப்படுவதால் இந்த அளவு அதில் பெரிதும் மாறுவதில்லை. மாட்டெரு உக்கும்போதோ பாரம் குறைந்த நைதரசனே அமோனியாவாகக் கூடுதலாக வெளியேறும். ஆகவே எஞ்சும் எருவிலும் அதில் வளரும் பயிரிலும் நைதரசன்-15 சற்று உயர்ந்திருக்கும்.

ஆனால் சணல், கிளிரிசிடியா போன்ற அவரையினத் தாவரங்களும் வளி நைதரசனையே பிடிக்கின்றன. அவற்றின் தழையை மட்டும் இட்ட தோட்டத்து மரக்கறியும் சோதனையில் யூரியா இட்டதுபோலத் தோன்றக்கூடும். நேர்மையான விவசாயி பொய்யராகிவிடுவார்.

எனவே சோதனையோடு தோட்டத்தை நேரில் பார்ப்பதும் அவசியம். விவசாயிகளே, எந்தப் பசளையை, எப்போது, எவ்வளவு இட்டீர்கள் என்பதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். அதுவே உங்கள் சாட்சி.