வெள்ளைப்பூடு கருகாமல் சமைப்போம்

கடந்த ரமழானில் ஒரு நாள் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பொறுப்பை உம்மா என்னிடம் தந்தார். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் நசுக்கிய வெள்ளைப்பூட்டை முதலில் போட்டேன். அந்நேரம் பார்த்து மழை வந்தது. வட்டவளை மழையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? கொடியில் கிடந்த உடுப்புகளை எடுக்க ஓடினேன். திரும்பி வந்தபோது பூடு கறுத்திருந்தது. கஞ்சியோடு கலந்தால் தெரியாது என்று எண்ணி வெங்காயம், ரம்பை, அரிசி எல்லாவற்றையும் அதிலேயே போட்டேன். பாங்கு சொன்னதும் வாப்பா ஒன்றும் பேசாமல் குடித்தார். தம்பிதான், "தாத்தா, கஞ்சி கசக்குது" என்றான்.

ஏன் கசந்தது? பெரிய வெங்காயத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் நீர். வெள்ளைப்பூட்டில் ஏறத்தாழ 60 சதவீதமே. நீர் இருக்கும்வரை வெப்பம் 100 பாகை செல்சியஸைத் தாண்டாது. பூட்டின் நீர் விரைவில் வற்றிவிடும். அதன்பின் அதிலுள்ள வெல்லங்களும் அமினோ அமிலங்களும் தாக்கமுற்றுப் பொன்னிறமாகும். பிரெஞ்சு விஞ்ஞானி லூயி மயார் 1912 இல் விவரித்த தாக்கம் இதுவே. பொன்னிறம் வரை மணமும் சுவையும் கூடும். அதைத் தாண்டினால் கரியும் கசப்பும்தான். நசுக்கிய பூடு சிறு துணிக்கைகளாக இருப்பதால் இன்னும் வேகமாகக் கருகும்.

உம்மாவிடம் பிறகு கற்றுக்கொண்டவை:

1. பூட்டை ஒரே அளவாக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் பெரியது வேகுமுன் சிறியது கருகும்.
2. வெங்காயம் முதலில், அது வதங்கிய பின்பே பூடு. வெங்காயத்தின் நீர் பூட்டைக் காக்கும்.
3. நெருப்பைக் குறைத்து, கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.
4. இளம் பொன்னிறம் வந்ததும் அரிசியும் நீரும் சேர்க்க வேண்டும். அடுப்பை அணைத்தாலும் சூடான எண்ணெய் பூட்டைத் தொடர்ந்து பொரிக்கும். ஆகவே அடுத்துப் போடுவதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

நோன்பு நாளில் நாவை நம்பிச் சமைக்க முடியாது. கண்ணும் மூக்கும் காதும்தான் துணை. சடசடப்பு அடங்கினால் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம், உடனே கவனியுங்கள்.

அப்படியும் கருகிவிட்டதா தோழிகளே? எண்ணெயோடு கொட்டிவிட்டு மீண்டும் தொடங்குங்கள். கொட்டினால் நட்டம் ஒரு பூடு. கொட்டாவிட்டால் நட்டம் ஒரு பானைக் கஞ்சி. நோன்பு திறக்கக் காத்திருந்தவர்களின் முகமும் வாடிப்போகும்.