செல்லாத வாக்குமூலத்துக்கு ஏன் அடி?

கேள்வி: போலீஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டால் கோர்ட்டில் செல்லாது என்று படித்தேன். பிறகு ஏன் ஸ்டேஷனில் அடித்து வாக்குமூலம் வாங்குகிறார்கள்? இப்படி ஒரு சட்டத்தை யார் எழுதினார்கள்?
– சட்டக் கல்லூரி மாணவி, மதுரை

பதில்: எழுதியது பிரிட்டிஷ் அரசு. அதற்குக் காரணமான சம்பவங்களில் பல நம் சென்னை ராஜதானியில் நடந்தவை. வரி பாக்கிக்காகக் குடியானவர்கள் பட்ட வதையை 1855-இல் ஒரு விசாரணைக் கமிஷன் பதிவு செய்தது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெருக்கும் கிட்டி, கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்தபடியே நிறுத்துவது என்று எல்லாம் அதில் இருக்கிறது. வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் அன்று ஒரே தாசில்தாரிடம் இருந்ததால், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் இதே வழிதான். கமிஷனோ பழியைக் கீழ்நிலைச் சிப்பந்திகள்மேல் போட்டுவிட்டு வெள்ளை அதிகாரிகளை விடுவித்தது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

1859-இல் தனிப் போலீஸ் வந்தது. 1861-இல், போலீஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்ற விதி வந்தது. 1872-இல் அது சாட்சியச் சட்டத்தின் 25, 26-ஆம் பிரிவுகளாயிற்று. தன் போலீஸைத் தானே நம்பாத அரசு, அந்தப் போலீஸை மக்களுக்குப் பதில் சொல்ல வைக்கவில்லை. கூடவே 27-ஆம் பிரிவில் ஒரு வழியும் விட்டு வைத்தது.

உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான். "அவனைக் குத்தினேன், கத்தியைப் போட்ட கிணற்றைக் காட்டுகிறேன்" என்று ஒருவர் சொல்கிறார். குத்தினேன் என்பது செல்லாது. ஆனால் கிணற்றில் கத்தி கிடைத்துவிட்டால், கிணற்றைக் காட்டுகிறேன் என்பது சாட்சியம். மகஜர் எழுதி, கையெழுத்து வாங்கி, 'ரிகவரி' ஆகிவிடும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அடி.

வற்புறுத்தி வாங்கியிருந்தால் இந்தப் பகுதியும் செல்லாது என்று 1961-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பூட்டிய அறையில் அடி வாங்கியவர் அதை எப்படி நிரூபிப்பார்? காவலில் இருந்தவருக்குக் காயம் இருந்தால் போலீஸே காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் எனச் சட்டத்தைத் திருத்தச் சொல்லி 1985-இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. 2023-இல் சாட்சியச் சட்டத்தையே புதிதாக எழுதினார்கள். பழைய மூன்று பிரிவுகளும் 23-ஆம் பிரிவில் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன. அந்தப் பரிந்துரைக்கு மட்டும் இடமில்லை.