போஜொலேயும் பார்டர் பரோட்டாவும்

கேள்வி: பிரான்சில் வேலை பார்க்கும் மச்சான் குற்றாலம் சீசனுக்கு ஊருக்கு வருகிறார். 'போஜொலே' என்ற சிவப்பு ஒயினைக் கொண்டுவருகிறாராம். சிவப்பு ஒயினுக்குக் கறிதான் ஜோடி என்கிறார்கள். எங்கள் பக்கம் கறி என்றாலே மிளகும் வத்தலும் தூக்கலாக இருக்குமே, சேருமா?
– வாசகர், அச்சன்புதூர்

பதில்: சேரும். மச்சான் துவர்ப்பு மிகுந்த போர்தோ ஒயினைக் கொண்டுவந்திருந்தால் யோசிக்க வேண்டியிருக்கும்.

திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. துவர்ப்பு மிகுந்த ஒயினைக் காரக் கறியோடு குடித்தால் வாய் வறண்டு, எரிச்சலும் கூடும். ஆல்கஹாலும் சும்மா இருப்பதில்லை. மிளகாயின் காரத்தை உணர்த்தும் அதே நரம்பு வாயில்களை அதுவும் தூண்டிவிடுகிறது. போஜொலேயில் டானின் குறைவு. ஆல்கஹாலும் பெரும்பாலும் 12, 13 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும்.

இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, இயல்பிலேயே டானின் குறைந்த 'காமே' என்ற திராட்சை. இது ஒருகாலத்தில் விரட்டப்பட்ட கொடி. 1395இல் பர்கண்டி கோமகன் பிலிப், தன் ஆட்சிப் பகுதியில் காமேயைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டார். பர்கண்டிக்குத் தெற்கே, லியோன் நகருக்கு வடக்கேயுள்ள போஜொலேக் குன்றுகளின் கருங்கல் மண் காமேக்கு வாகாக அமைந்தது.

இரண்டாவது, செய்முறை. பழத்தை நசுக்காமல் குலைகுலையாக மூடிய தொட்டியில் போடுகிறார்கள். உள்ளே கரியமில வாயு நிறைந்ததும், பழத்துக்குள்ளேயே நொதிப்பு தொடங்கிவிடுகிறது. நிறமும் மணமும் இறங்கும். துவர்ப்பு அதிகம் இறங்காது. நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை விற்பனைக்கு வரும் 'நூவோ' என்ற புது ஒயினில் சில சமயம் வாழைப்பழ வாசனை அடிக்கும். வாழைப்பழத்தில் இருக்கும் ஐசோ அமைல் அசிடேட் இந்த நொதிப்பிலும் உண்டாவதுதான் காரணம்.

கேள்வி: அப்படியானால் இலையில் எதைப் பரிமாறலாம்?

பதில்: உங்கள் பக்கத்துப் பிரானூர் பார்டர் கடைகளின் பரோட்டா, கோழி வறுவல், காடை வறுவல் ஆகியவற்றில் காடைக்குத்தான் முதலிடம். சிறு பறவைக் கறியும் காமேயும் பிரான்சிலேயே பழகிய ஜோடி. நாட்டுக்கோழி வறுவலில் மிளகைக் கொஞ்சம் அடக்கிப் போடச் சொல்லுங்கள். சால்னாவில் தேங்காய் அரைத்து ஊற்றியிருந்தால் காரம் தானாகத் தணியும்.

லியோனில் 'பூஷோன்' என்ற சிறு உணவகங்கள் உண்டு. குடல், ஈரல், தொத்திறைச்சி என்று அங்கே கிடைப்பதெல்லாம் உழைப்பாளிகளின் சாப்பாடு; கூடவே வருவது பெரும்பாலும் போஜொலே. ஆகவே நம் வீட்டுக் குடல் கறிக்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கறிக்குழம்பும் ஒரு நல்ல இலை. சைவர்களுக்குக் காளான் வறுவல் பொருந்தும்.

புளி தூக்கலான மீன் குழம்பு வேண்டாம். அல்வாவும் மங்குஸ்தானும் பிறகு வரட்டும். ஒயினைவிட இனிப்பான பண்டம் வாயில் இருந்தால், ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும்.

கேள்வி: சிவப்பு ஒயினைக் குளிரவைக்கக் கூடாது என்கிறாரே மச்சான்?

பதில்: அறை வெப்பத்தில் பரிமாறு என்ற பழைய விதி ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளுக்கு உரியது. சாரல் நாளில்கூட அச்சன்புதூர் வீடு அவ்வளவு குளிராது. போஜொலேக்கு 12 முதல் 14 டிகிரி சரியானது. ஒன்றிரண்டு மணி நேரம் பிரிட்ஜில் வைத்து எடுத்தால் போதும். திறந்த பாட்டிலை மூடி பிரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும். 'நூவோ' என்றால் விற்பனைக்கு வந்த சில மாதங்களுக்குள் குடிப்பது நல்லது. லேபிளில் மோர்கோன், மூலான்-ஆ-வான் போன்ற பகுதிப் பெயர்கள் இருந்தால் சில ஆண்டுகள் தாங்கும். அப்படிப் பெயர்பெற்ற பகுதிகள் மொத்தம் 10.

கேள்வி: கம்பம் பன்னீர் திராட்சையில் இப்படி ஓர் ஒயின் வருமா?

பதில்: ஒயின் வரும்; போஜொலே வராது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர், மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பது குறியீட்டோடு வழங்கும் வரலாறு. பிரான்சில் வான்தூ மலையடிவாரத்திலும் இதே வகையைத்தான் வளர்க்கிறார்கள். அங்கே அதற்குத் தனிச் சான்றிதழ் உண்டு, ஆனால் சாப்பிடும் பழமாகத்தான். மணம் தூக்கலான இந்தப் பழம் இனிப்பு ஒயினுக்கு நன்றாக வரும். இன்னொரு வேறுபாடு: காமே குளிர்காலத்தில் உறங்கி ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கிறது. கம்பத்திலோ கவாத்து வெட்டும் கணக்கைப் பொறுத்து ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும்.