குப்பனூர் அடிவாரத்திலிருந்து: ஃபைபர் கேரவன் வைத்திருப்போருக்குச் சில குறிப்புகள்

கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் பெரிய வண்டிதான் பலருக்கு நினைவுக்கு வரும். இந்தக் குறிப்புகள் அதற்கானவை அல்ல. காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் சின்ன ஃபைபர் வீட்டுக்கானவை. 1968-ல் கனடாவின் வின்னிபெக் நகரில் உருவான 'போலர்' வண்டி இவ்வகையில் முன்னோடி. மேல் பாதி, கீழ் பாதி என இரண்டே வார்ப்பு, இடுப்பில் ஓர் இணைப்பு, அவ்வளவுதான். கூரையில் தையல் இல்லாததால் ஒழுக வழி குறைவு. அந்தக் காலத்து வண்டிகள் பல இன்னும் சாலையில் ஓடுகின்றன. ஃபைபர் கூடு எளிதில் சாகாது. கெடுவதெல்லாம் அதற்குக் கீழே இருக்கும் இரும்பும், அதில் நாம் போட்ட ஓட்டைகளும்தான். கவனமும் அங்கேதான் போக வேண்டும்.

நம் நாட்டில் இந்த வண்டி இன்னும் அபூர்வம். ஆனால் சேலத்தைச் சுற்றி இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பேருந்து பாடி கட்டுவதில் பேர்போன கரூரும், லாரி, டிரெய்லர் வேலையில் கைதேர்ந்த நாமக்கல்லும் பக்கத்திலேயே இருக்கின்றன.

1. ஏற்காட்டு மலையடிவாரத்தில் இருக்கும் குப்பனூரையே தாவளமாக வையுங்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பிரதான மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்து எதிரே வந்தால் தனிக் காருக்கே இடம் போதாத வளைவுகள் அவை. அயோத்தியாப்பட்டணம் தாண்டிக் குப்பனூரில் பிரியும் பாதையில் நெரிசல் குறைவு, ஆனால் அகலமும் குறைவு. கேரவனை அடிவாரத்தில், தெரிந்தவர் தோட்டத்தில் அனுமதி கேட்டு நிறுத்திவிட்டு, காரை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போய் வாருங்கள். சேர்வராயன் கோயிலும் ஏரியும் காபித் தோட்டங்களும் ஒரு பகலில் பார்த்துத் திரும்பக்கூடியவைதாம். கேரவனையும் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்றால், குப்பனூரிலிருந்து மஞ்சவாடிக் கணவாய் வழியாக அரூர், தீர்த்தமலைப் பக்கம் போங்கள். இழுவை வண்டிக்கு அந்தச் சாலை எவ்வளவோ மேல்.

2. கோடை விழா நாட்களில் மலைப்பாதைகளை ஒருவழியாக மாற்றி, இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் பக்கம் திருப்பிவிடுவது உண்டு. மே மாதத்தில் கிளம்பும் முன் காவல்துறை அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். எதிர்த்திசையில் மாட்டிக்கொண்டால் கேரவனைத் திருப்ப இடம் கிடைக்காது.

3. காகிதம். டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. டிரெய்லரின் எண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும், இழுக்கும் காரின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். பட்டறையில் கட்டித் தருகிறேன் என்பவரிடம் முன்பணம் கொடுக்கும் முன், வண்டி வகைக்கு ஒப்புதல் இருக்கிறதா, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவாகுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காரின் காப்பீடு இழுவைக்கும் செல்லுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டுப் பயனில்லை.

4. எடையை ஊகிக்காதீர்கள். எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். கார் தயாரிப்பாளர் எவ்வளவு இழுக்கலாம் என்று கையேட்டில் எழுதியிருக்கிறாரோ, அதைவிடக் குறைவாகவே வையுங்கள். மலை ஏற்றத்துக்கு அந்த மிச்சம் தேவைப்படும்.

மொத்த எடையைவிட முக்கியமானது கொக்கியின் மேல் அமரும் எடை. அது மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். சாமானோடு 700 கிலோ வரும் வண்டியென்றால் 70 முதல் 105 கிலோ. இதை அளப்பது எளிது. காபி மூட்டை நிறுக்கும் பிளாட்பாரத் தராசில் ஒரு கட்டையை நிறுத்தி, காரில் மாட்டும் அதே உயரத்தில் கேரவனின் மூக்கை அதன்மேல் இறக்குங்கள். எடை குறைந்தால் பின்பக்கச் சாமானை முன்னே நகர்த்துங்கள். முன்பக்கம் இலேசாகிப் பின்பக்கம் கனத்தால் வேகத்தில் வண்டி வாலாட்டும். ஆட்டம் வந்துவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தால் தானே அடங்கும்.

தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. 60 லிட்டர் தொட்டியை நிரப்பிக்கொண்டு ஓடுவது, ஒரு ஆளைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு ஓடுவதற்குச் சமம். வழிக்குக் குடிநீர் மட்டும் போதும், தொட்டியைப் போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பலாம்.

5. பிரேக். வெளிநாடுகள் பலவற்றில் 750 கிலோவுக்குள் இருக்கும் டிரெய்லர் பிரேக் இல்லாமலும் ஓடலாம். சேர்வராயன் மலைப் பக்கம் ஓட்டுகிறவர் அந்தச் சலுகையை மறந்துவிடுவது நல்லது. கார் வேகம் குறைந்ததும் பின்னிருந்து தள்ளும் விசையிலேயே பிடிக்கும் பிரேக்கைக் கட்டும்போதே வைக்கச் சொல்லுங்கள். கொக்கி கழன்றால் இழுத்துப் பிடிக்கும் கம்பியும் வேண்டும், கீழே குறுக்காகப் போடும் இரண்டு சங்கிலிகளும் வேண்டும்.

இறக்கத்தில் லாரிக்காரர்கள் காக்கும் விதியையே நீங்களும் காக்க வேண்டும். ஏற எந்த கியரோ, இறங்கவும் அதே கியர். காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தால் லைனிங் காய்ந்து, கருகல் நாற்றம் வரும், பிறகு மிதி இறங்கும், வண்டி நிற்காது. நாற்றம் வந்த உடனே ஒதுங்கி நின்று தானாக ஆற விடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விடும். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குபவர் நிற்க வேண்டும், நீங்கள் கேரவனோடு இருந்தாலும்தான்.

6. வளைவில் கேரவனின் சக்கரம் காரின் சக்கரத்தடத்தில் வராது, உள்பக்கம் ஒட்டி வெட்டும். காரை அகலமாக எடுத்துத் திருப்புங்கள். ரிவர்ஸில் குழம்புபவர்களுக்கு ஒரு வழி: கையை ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் வையுங்கள். கேரவனின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். ஒருவர் இறங்கிப் பின்னால் நின்று பார்க்கட்டும். "வரட்டும் வரட்டும்" என்று குரல் கேட்டால் மட்டும் போதாது, அவர் கண்ணாடியில் தெரியவும் வேண்டும்.

7. சரிவில் கொக்கியைக் கழற்றும் முன் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. கழற்றிய பின் அல்ல. வழியில் கல்லை அண்டை கொடுத்திருந்தால், கிளம்பும்போது அதைச் சாலையிலிருந்து எடுத்து ஓரம் போட்டுவிட்டுப் போங்கள். இரவில் வரும் இருசக்கர வண்டிக்கு அந்தக் கல் எமன்.

8. டயர் தேய்வதற்குள் கிழடாகிவிடும். கேரவன் ஓடுவதைவிட நிற்பதே அதிகம், பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் ஆனால் மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

9. சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் முதல் 50 கிலோமீட்டரில் நட்டை மறுபடி முடுக்குங்கள். டீ குடிக்க நிறுத்தும் இடத்தில் ஹப்பின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகச் சுட்டால் பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது என்று பொருள். பேரிங்குக்கு வருடம் ஒருமுறை புதுக் கிரீஸ்.

10. கழுவ மிதமான சோப்பு நீரும் மெத்தென்ற துணியும் போதும். பாத்திரம் தேய்க்கும் பவுடரும் கம்பி நாரும் ஃபைபர் பக்கம் வரவே கூடாது. மேலே இருக்கும் பளபளப்பான ஜெல் கோட்தான் வண்டியின் தோல். வெயிலில் அது வெளிறி, தொட்டால் கையில் வெள்ளைப் பொடியாக ஒட்டும். அப்போது 1000, பிறகு 2000 நம்பர் நீர்த்தாளால் தண்ணீர் விட்டு மெதுவாகத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டு போட்டு, கடைசியில் வாக்ஸ் பூசுங்கள். வெயிலுக்கு முன் ஒருமுறை, மழைக்கு முன் ஒருமுறை வாக்ஸ் பூசி வந்தால் இந்த வேலையே வராது.

11. நிழல் நல்லதுதான், எந்த மரத்து நிழல் என்று பார்க்க வேண்டும். தென்னை வேண்டவே வேண்டாம். மாமரத்தின் பால் கறையாகப் படியும், காய் விழுந்தால் கூரை விரியும். புளிய இலை சின்னதாக உதிர்ந்து காற்றுப்போக்கியை அடைக்கும். தகரக் கொட்டகை போட முடிந்தால் அதுதான் நிம்மதி.

12. ஒழுக்கைத் தேட மழைக்குக் காத்திருக்காதீர்கள். ஒருவர் உள்ளே டார்ச்சும் சாக்பீசுமாக உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாக மெல்ல நனைத்துக்கொண்டே வர வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எங்கே புகுந்தது என்று தெரியாது. ஜன்னல் ஓரம், கூரைக் காற்றுப்போக்கி, ரிவிட் தலைகள், இடுப்பு இணைப்பு, இவைதான் வழக்கமான இடங்கள். கண்டதும் சிலிக்கானைப் பிதுக்கிவிடுகிறார்கள். அதன் எண்ணெய்ப் பசை ஃபைபரில் தங்கிவிட்டால் பிறகு ரெசினோ பெயின்டோ அங்கே ஒட்டாது. பேருந்து பாடிக்குப் பயன்படுத்தும் பி.யூ. சீலன்ட் வாங்குங்கள். உள்ளே தரைப் பலகையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால் அங்கே தண்ணீர் குடியேறிவிட்டது. மாற்றும்போது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் போடுங்கள்.

13. விரிசல் எல்லாம் ஒன்றல்ல. சிலந்திவலை மாதிரி மெல்லிய கோடுகள் பெரும்பாலும் ஜெல் கோட்டோடு நின்றுவிடும். ஒரு நாணயத்தால் சுற்றிலும் தட்டுங்கள். கணீரென்றால் பயமில்லை, பொத்தென்று கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. அதற்கு மேல்பூச்சு உதவாது. தேய்த்துச் சரிவாக்கி, கண்ணாடி மேட்டும் ரெசினும் வைத்துக் கட்ட வேண்டும்.

இந்த வேலைக்குச் சிறந்த கைகள் நம் கடற்கரையில் இருக்கின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின, அவற்றைப் பழுது பார்த்துப் பழகியவர்கள் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் காசிமேட்டிலும் உண்டு. நீங்களே செய்வதானால் ஈரம்தான் முதல் எதிரி. பனி மூடிய ஏற்காட்டு நாளில் ரெசின் சரியாக இறுகாது, நனைந்த பரப்பில் பிடிக்கவும் பிடிக்காது. ஜனவரி, பிப்ரவரியில் குப்பனூர் வெயில் நன்றாகக் காயும், அதுவே காலம். ஹார்டனர் ரெசின் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம். சித்திரை வெயிலில் அதிகம் விட்டால் சூடேறி வெடிக்கும். இறுகலை முடுக்கும் கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் ஹார்டனர் ஊற்ற வேண்டும். அந்த இரண்டையும் நேராக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். கண்ணாடித்தூள் கையில் பட்டு அரித்தால் சொறியாமல் குளிர்ந்த நீரில் கழுவுங்கள்.

14. மலையில் இரவு ஃபைபர் சுவர் வியர்க்கும். உள்ளே தூங்குபவர்களின் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகும். ஒழுகுகிறது என்று நினைத்துக் கூரையைப் பிரிக்காதீர்கள். மேலே ஒரு திறப்பும் கீழே ஒரு திறப்பும் இரவு முழுதும் இருக்கட்டும். மெத்தைக்கு அடியில் காற்றுப் போகச் சட்டம் போடுங்கள்.

15. அடுப்பைக் குளிர்காயப் பற்றவைத்துவிட்டுத் தூங்கவே கூடாது. கரி அடுப்பு உள்ளே வரவே கூடாது. மூடிய கூட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் சேர்ந்து உயிரை எடுக்கும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும், அதனால் சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை வேண்டும். 5 கிலோ சிலிண்டர் போதும், ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். பாலியஸ்டர் ரெசின் நன்றாக எரியும் பொருள். தீயணைப்பானைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள், அடுப்புக்குப் பின்னால் அல்ல.

16. தங்க இடம். கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தது, பிறகு வாகமனில் கேரவன் பூங்காவும் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் உண்டு. ஆனால் சேர்வராயன் மலையில் நிறுத்தத் தோட்டக்காரர்களின் தயவுதான் இப்போதைக்கு வழி. காப்புக்காட்டு ஓரம் இரவு தங்காதீர்கள். காட்டெருமை இருக்கும் மலை இது. குரங்குக்குத் தீனி போடாதீர்கள். ஒருமுறை ருசி கண்டால் அடுத்து வருகிறவர் வண்டியின் கொசுவலையைக் கிழிக்கும்.

17. கழிவறைத் தொட்டியை ஓடையிலோ தோட்ட வாய்க்காலிலோ கவிழ்ப்பது பாவம். மலையில் விடுவதெல்லாம் கீழே யாரோ குடிக்கும் கிணற்றுக்குத்தான் வரும். செப்டிக் டேங்க் உள்ள கழிவறையில், உரியவரைக் கேட்டு ஊற்றுங்கள். தொட்டியில் பினாயில் ஊற்றியிருந்தால் செப்டிக் டேங்கின் நுண்ணுயிர் செத்துவிடும், அவருக்குத் தொல்லை.

18. வடகிழக்குப் பருவமழையில் மலைப் பயணம் வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் கேரவனைப் பூட்டி வையுங்கள். பூட்டும் முன் தண்ணீர்த் தொட்டியை வடித்து, பிரிட்ஜ் கதவைக் கட்டை வைத்துத் திறந்து விட்டு, மெத்தைகளை நிமிர்த்திச் சாய்த்து, பேட்டரியின் ஒயரைக் கழற்றுங்கள். குழாய், ஒயர் நுழையும் ஓட்டைகளில் கம்பி நாரைத் திணித்தால் எலி வராது. ஆக்ஸிலுக்கு ஸ்டாண்டு கொடுத்து டயரைத் தரையிலிருந்து தூக்கி, வெயில் படாமல் கோணிச் சாக்கால் மூடுங்கள். மூக்கைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்தினால் கூரைத் தண்ணீர் தேங்காமல் பின்னால் வழிந்துவிடும்.