ஃபர்ஸ்ட் காப்பிக்குப் பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

படம் முடிந்து ஃபர்ஸ்ட் காப்பி கைக்கு வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். நூற்றைம்பது தியேட்டரில் ஒரே வெள்ளிக்கிழமை போட ஒரு விநியோகஸ்தர் முன்வந்திருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். அதுதான் கவலையாக இருக்கிறது. வேண்டாம் என்பதே என் யோசனை.

கணக்கைப் பார். நட்சத்திரம் இல்லாத சின்னப் படத்துக்கு இன்று எம்.ஜி. (மினிமம் கியாரண்டி) கொடுத்து வாங்குபவர் அரிது. ‘டிஸ்ட்ரிபியூஷன்’ அடிப்படையில்தான் எடுப்பார்கள். போஸ்டர், விளம்பரம், டிஜிட்டல் புரொஜக்‌ஷன் கட்டணம் எல்லாம் உன் தலையில். தியேட்டர் பங்கு போக வருகிற வசூலில் விநியோகஸ்தர் தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். தியேட்டர் கூடக் கூடச் செலவும் கூடும். 2018 மார்ச்சில் தமிழ்த் தயாரிப்பாளர்கள் புதுப்பட ரிலீஸையே நிறுத்திப் போராடியதற்கு அந்த டிஜிட்டல் கட்டணம் முக்கியக் காரணம். பெரிய பேனர்களுக்கே அது பாரம்.

இவ்வளவும் கட்டி உனக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் பகல் பதினொன்றரை மணிக் காட்சி. வாசலில் உன் போஸ்டர் இருக்காது. நாலு பேர் டிக்கெட் கேட்டு நின்றால், “ஆள் சேரல சார், ஷோ கேன்சல். வேற படம் பாக்குறீங்களா?” என்பார்கள். திங்கட்கிழமை அந்தக் காட்சியும் வேறு படத்துக்குப் போய்விடும். நல்ல விமர்சனத்தைப் படித்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை தேடி வருகிறவருக்குப் படம் எங்கேயும் ஓடாது. நல்ல படங்கள் பல இப்படித்தான் மூன்றே நாளில் செத்திருக்கின்றன.

உன் படம் பண்ருட்டிப் பக்கத்தில் கரும்பு வெட்டுகிற ஜனங்களைப் பற்றியது. கடலூர், பண்ருட்டி, விழுப்புரத்தில் ஒவ்வொரு தியேட்டர். சென்னையிலும் கோவையிலும் ஒவ்வொரு மாலைக் காட்சி. தொடங்க இது போதும். தியேட்டர்காரர்களை நீயே நேரில் போய்ப் பார். ஆலை அரவை நடக்கும் மாதங்களில் ரிலீஸ் வைக்காதே. விடியுமுன்னே வயலுக்குப் போய் இருட்டித் திரும்புகிறவர்கள் எப்படிப் படத்துக்கு வருவார்கள்? வெட்டு முடிந்து, கூலிக் கணக்குத் தீர்ந்த பிறகு தேதி குறி. பாடல் வெளியீட்டு விழாவுக்கு எடுத்துவைத்த பணத்தை அந்த ஊர்களில் முன்கூட்டியே படம் காட்டச் செலவிடு. தொழிற்சங்கம், ஆசிரியர்கள், நூலக வாசகர் வட்டம், முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கக் (தமுஎகச) கிளை என்று ஒவ்வொருவரையும் தேடிப் போ. விழா மேடையில் பாராட்டுகிற பெரிய மனிதரைவிட, பார்த்துவிட்டுத் தன் தெருவில் போய்ச் சொல்கிற மேஸ்திரி உனக்கு அதிக டிக்கெட் விற்றுக் கொடுப்பார்.

இது புது வழியும் இல்லை. தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்த ஜான் ஆபிரகாம், கேரளத்தில் ஒடேசா என்ற திரைப்படக் கூட்டத்தோடு சேர்ந்து ஊர் ஊராகப் படம் காட்டி, ஜனங்களிடம் காசு திரட்டி, 1986இல் ‘அம்மா அறியான்’ படத்தை முடித்தார். முடித்த படத்தையும் அதே ஜனங்களிடம்தான் கொண்டுபோனார்கள். வியாபாரமாக அதை நீ அப்படியே செய்ய முடியாது. உனக்குக் கடன் இருக்கிறது. ஆனால் யாருக்காகப் படம் எடுத்தோமோ அவர்கள் வாசலுக்குப் போகலாம் என்ற துணிச்சலை அவரிடமிருந்து எடுத்துக்கொள்.

திரைப்பட விழாக்களுக்கு அனுப்பு, அவசியம் அனுப்பு. பெரிய விழாக்கள் வெளியே காட்டாத படத்தைக் கேட்கும். ஆகவே முதலில் விழா, பிறகு ஊர்க் காட்சிகள், பிறகு தியேட்டர். ‘காக்கா முட்டை’ 2014இல் டொரன்டோவில் காட்டப்பட்டு, 2015 ஜூனில் திரைக்கு வந்து ஓடியது. அதற்குப் பின்னால் தனுஷ், வெற்றிமாறன் பெயர்கள் இருந்ததையும் மறக்காதே. ‘கூழாங்கல்’ 2021இல் ரோட்டர்டாமில் டைகர் விருதை வென்றது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுதான். அப்படியிருந்தும் நம் ஜனங்கள் பார்க்கும்படி ஓடிடியில் வந்தது 2023 அக்டோபரில். விருது கிடைத்தாலும் இவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்கலாம். வட்டி ஓடுகிறவன் அதையும் எண்ணித்தான் இறங்க வேண்டும்.

உரிமைகளை மொத்தமாகக் கொடுத்துவிடாதே. அந்த விநியோகஸ்தர் நீட்டும் ஒப்பந்தத்தில், இன்றுள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா வடிவங்களிலும், உலகம் முழுக்க, நிரந்தரமாக என்று ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு ஒரு கல்லூரியில் காட்டவும் அவரிடம் நீ அனுமதி கேட்டு நிற்பாய். தியேட்டர் தனி, ஓடிடி தனி, சாட்டிலைட் தனி, வெளிநாடு தனி, டப்பிங் தனி. ஒவ்வொன்றுக்கும் எத்தனை வருஷம் என்று எழுதி வாங்கு. கல்லூரி, சங்கம், ஊர்க் காட்சி உரிமையை மட்டும் யாருக்கும் எழுதிக் கொடுக்காதே.

சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறாய் அல்லவா? போ, மரியாதையாகப் பேசு. அன்றைக்கே கையெழுத்துப் போடாமல் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வா. காப்புரிமை தெரிந்த ஒரு வக்கீல் அதைப் படித்த பிறகு ரிலீஸ் தேதியைப் பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்